இரத்தத்தில் ஓடாத கலை
19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நாடகக் குடும்பங்கள்: நான்கு நூல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

'கலைக் குடும்பம்' என்ற சொல் எம்மிடையே வெகு சாதாரணமாகப் புழங்குகிறது. ஒருவர் நன்றாகப் பாடினால் அல்லது நடித்தால், அவருடைய தகப்பன் யார், பாட்டன் யார் என்று தேடிப் பிடித்து, அது அவர்களுடைய இரத்தத்தில் ஓடுகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். கேட்பதற்குப் பாராட்டுப் போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவருடைய இரத்தத்தில் ஓடுகிறது என்று சொல்லும்போதே மற்றவருடைய இரத்தத்தில் அது இல்லை என்றும் சொல்லியாகிவிட்டது. எந்தத் தொழில் எவருக்கு என்று பிறப்பை வைத்துப் பங்கிட்ட சமூகத்திலிருந்து வந்த எமக்கு, இந்த வாக்கியத்தின் மறுபக்கம் தெரியாததல்ல.

உலக நாடக வரலாற்றில் இந்த 'இரத்தக் கதை' மிகவும் செல்வாக்குடன் வழங்கும் இடங்களில் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா ஒன்று. பூத் குடும்பம், ஜெபர்சன் குடும்பம், ட்றூ - பரிமோர் குடும்பம், ஓ'நீல் குடும்பம் என்று அந்த நூற்றாண்டின் மேடையே சில வீட்டுப் பெயர்களுக்குள் அடங்கிவிட்டதாக எழுதுவோர் உண்டு. இக்குடும்பங்களைச் சேர்ந்தவர்களே எழுதிவைத்த நான்கு நூல்களை நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஜோசப் ஜெபர்சனின் சுயசரிதை (1890), லூயிசா லேன் ட்றூவின் தன்வரலாற்றுக் குறிப்பு (1899), ஏசியா பூத் கிளார்க் தன் தம்பியைப் பற்றி எழுதிய நினைவுநூல் (எழுதியது 1874, வெளிவந்தது 1938), யூஜின் ஓ'நீலின் 'இரவை நோக்கிய நெடும்பகற் பயணம்' என்ற நாடகம் (எழுதியது 1939 - 41, வெளிவந்தது 1956). கலை எப்படிக் கைமாறியது, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்ற இரண்டு கேள்விகளோடு இவற்றைப் படிக்கலாம்.

1

முதலில் ஒரு உண்மையைக் கவனிக்க வேண்டும். இந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை வந்தேறு குடும்பங்கள். ஜூனியஸ் புரூட்டஸ் பூத் 1821இல் லண்டனில் மனைவியையும் மகனையும் விட்டுவிட்டு மேரி ஆன் ஹோம்ஸ் என்ற பெண்ணுடன் வேர்ஜீனியாவில் வந்திறங்கியவர். லூயிசா லேன் ஏழு வயதில், 1827இல், விதவைத் தாயுடன் இங்கிலாந்திலிருந்து கப்பலேறியவர். ஜேம்ஸ் ஓ'நீல் அயர்லாந்தின் கில்கெனியிலிருந்து சிறுவனாக வந்தவர். வில்லியம் சப்மன் என்ற ஆங்கிலேய நடிகர் 1831இல் பிற்ஸ்பேர்க்கில் படகொன்றின்மேல் அரங்கைக் கட்டி, பிள்ளைகள், மருமக்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஒகாயோ, மிசிசிப்பி ஆறுகள் வழியே ஊரூராக நாடகம் போட்டுச் சென்றார். நியூ ஓர்லீன்ஸ் வந்து சேர்ந்ததும் படகை விறகுக்கு விற்றுவிட்டு, மேலே திரும்பிப்போய் அடுத்த பருவத்துக்குப் புதுப்படகு கட்டுவது அவர்களுடைய வழக்கம்.

சப்மன் குடும்பத்தைக் குடும்பமாக வைத்திருந்தது இரத்தமா, படகா? ஒரு நாடகத்துக்கு அரசன் வேண்டும், அரசி வேண்டும், கிழவி, கோமாளி, குழந்தை எல்லாம் வேண்டும். இத்தனை பேருக்கும் சம்பளம் கொடுக்கக் காசில்லாதவன் இவர்களைத் தன் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டான். தனியாக ஊர்சுற்றும் நடிகையின் ஒழுக்கத்தைச் சந்தேகித்த சமூகத்தில், மனைவியாகவும் மகளாகவும் மேடையேறுவது ஒரு பாதுகாப்பு. நடிப்புக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எந்த வரியில் திரும்ப வேண்டும், எங்கே மூச்சை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டே பழக வேண்டியவை. இரவில் பக்கத்துப் படுக்கையில் வசனம் பாடமாக்குகிற தகப்பனைவிட மலிவான ஆசான் யார் கிடைப்பான்?

மதவாதிகளின் வெறுப்பும் இவர்களை ஒன்றாகக் கட்டிவைத்தது. 1870ஆம் ஆண்டின் கடைசியில் ஜோர்ஜ் ஹொலண்ட் என்ற முதிய நடிகர் நியூயோர்க்கில் இறந்தபோது, இறந்தவர் நடிகர் என்று அறிந்ததும் ஒரு பாதிரியார் இறுதிச் சடங்கு செய்ய மறுத்தார். மூலையில் உள்ள சின்னத் தேவாலயம் இதற்கெல்லாம் சம்மதிக்கும் என்று வழிகாட்டியும் விட்டார். இறந்தவரின் மகனோடு அந்தப் பாதிரியாரிடம் போய்க் கேட்டவர் ஜோசப் ஜெபர்சன். சடங்கு நடந்த 29ஆம் தெருத் தேவாலயம் பின்னர் நடிகர்களின் தேவாலயமாகவே பெயர் பெற்றது. பிணத்துக்கு இடம் கொடுக்க மறுக்கும் ஊரில், ஒதுக்கப்பட்டவர்கள் தமக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்ததைக் 'கலைப் பரம்பரை' என்று மட்டும் விளக்கினால் அது பாதி உண்மைதான்.

2

ஜெபர்சனின் சுயசரிதை இனிமையான புத்தகம். 'ரிப் வான் விங்கிள்' என்ற ஒரே பாத்திரத்தை 1865இலிருந்து ஏறக்குறைய நாற்பது வருடங்கள் நடித்து நாட்டின் செல்லப்பிள்ளையானவர், தன் வாழ்க்கையையும் அதே சிரிப்போடு சொல்லிக்கொண்டு போகிறார். 1839இல் இலினோய் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில் அவருடைய தகப்பனார் அரங்கு கட்டினார். மதப் பிரசங்கிகளின் செல்வாக்கால் நகரசபை பெருந்தொகையை உரிமக் கட்டணமாக விதித்தது. இளம் வழக்கறிஞர் ஒருவர் கூலி வாங்காமல் சபையில் வாதாடி அதை நீக்கிக்கொடுத்தார். அவர் பெயர் ஏபிரகாம் லிங்கன் என்று ஜெபர்சன் சொல்கிறார். நடிகர்களுக்காகப் பேசிய அந்த மனிதரை 26 வருடங்களுக்குப் பின் ஒரு நடிகன் சுட்டான். அன்று ஃபோர்ட் அரங்கில் நடந்துகொண்டிருந்த 'எமது அமெரிக்க மைத்துனன்' நாடகமோ 1858இல் ஜெபர்சன் நடித்துப் பிரபலமாக்கியது. இவ்வளவையும் கையில் வைத்திருந்தும் ஜெபர்சன் சிரிப்பை விட்டு இறங்குவதில்லை.

இந்தச் சிரிப்பை நாம் கொஞ்சம் சந்தேகத்துடன்தான் படிக்கிறோம். தகப்பனார் 1842இல் மொபீல் நகரில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தபோது ஜெபர்சனுக்கு 13 வயது. பிள்ளைகள் உழைத்தே வாழ வேண்டிய நிலை. அதற்கு முன்பே, நாலு வயதளவில், அவர் மேடைக்கு வந்துவிட்டார். வெள்ளையரான ரி.டி.ரைஸ் முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்து ஆடும் 'ஜிம் குறோ' ஆட்டத்தில், அதேபோலக் கரி பூசப்பட்ட குழந்தை ஜெபர்சன் ஒரு சாக்கிலிருந்து மேடையில் கொட்டப்பட்டார். பெரிய மனிதராகிச் சுயசரிதை எழுதும்போது இது அவருக்கு ஒரு வேடிக்கை. அந்தக் கரி யாருடைய முகம் என்ற கேள்வி புத்தகத்தில் எழவில்லை.

லூயிசா லேன் ட்றூவின் குறிப்பு இதற்கு நேர்மாறு. வறண்ட எழுத்து. எந்த ஊர், எந்தக் கொம்பனி, என்ன பாத்திரம், யார் மானேஜர் என்று ஒரு கணக்குப்பிள்ளையின் பேரேடு போலப் போகிறது. அமெரிக்காவுக்கு வந்த அதே 1827இல் பிலடெல்பியாவில் முதிய பூத்தின் 'மூன்றாம் றிச்சர்ட்' நாடகத்தில் கொலையுண்ணும் சிறுவனாக நடித்தார். பத்துப் பதினொரு வயதில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன பயணத்தில் கப்பல் பாறையில் மோதியது. ஜமேக்காவில் மஞ்சள் காய்ச்சலுக்கு மாற்றாந் தந்தையையும் கைக்குழந்தையான தங்கையையும் பறிகொடுத்தார். பெரிய எழுத்தாளர் ஒருவர் அத்தியாயம் அத்தியாயமாக அழக்கூடிய இந்த விடயங்களை லூயிசா சில வரிகளில் கடந்து அடுத்த நாடகத்துக்குப் போய்விடுகிறார்.

ஜெபர்சனின் இனிமையைவிட இந்த வறட்சியை நாம் நம்புகிறோம். வேலை செய்துகொண்டேயிருந்த ஒருவரின் எழுத்து இப்படித்தான் இருக்கும். 1861இல் பிலடெல்பியாவின் ஆர்ச் தெரு அரங்கைப் பொறுப்பேற்றார். அடுத்த வருடம் கணவர் ஜோன் ட்றூ இறந்தார். பெண்ணுக்கு வாக்குரிமை இல்லாத நாட்டில் 1892 வரை, 31 வருடங்கள், ஆண்களுக்குச் சம்பளம் கொடுத்து அரங்கை நடத்தினார். அதை இழந்தபின் எழுபது வயதுக்கு மேலும் ஊரூராகச் சென்று நடித்து 1897இல் இறந்தார்.

'இரத்தக் கதை' அதிகமாகச் சொல்லப்படுவது இவருடைய பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான்: லயனல், எத்தெல், ஜோன் பரிமோர். ஆனால் நடந்தது என்ன? லயனல் ஓவியனாக விரும்பிப் பாரிசுக்குப் போய்ப் படித்தார். ஜோன் பத்திரிகைக்குப் படம் வரைந்து பிழைக்கப் பார்த்தார். எத்தெல் பியானோ வாசிக்க விரும்பினார். தாய் ஜோர்ஜியானா 1893இல் காசநோயில் இறந்தார். அடுத்த தலைமுறைக்கு வீட்டில் இருந்த ஒரே சொத்து மேடைத் தொடர்புகள்தான். எனவே மேடைக்குப் போனார்கள். அந்தப் 'பரிமோர்' என்ற பெயர்கூடப் பிறப்பால் வந்ததல்ல. தகப்பன் மோரிஸ் இந்தியாவில், ஆக்ராவில், 1849இல் ஹேர்பேர்ட் பிளைத் என்ற பெயரில் பிறந்தவர். வழக்கறிஞனாக வேண்டிய மகன் நடிகனாவது வீட்டுக்கு அவமானம் என்பதால், பழைய நாடக விளம்பரமொன்றில் கண்ட பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டார் என்று சொல்வார்கள். அமெரிக்க மேடையின் அரச வம்சம் என்று கொண்டாடப்பட்ட பெயர், சுவரில் கிடந்த ஒரு பெயர்.

உணவகச் சமையலறைகளில் வேலை செய்யும் எமக்குக் 'குடும்பத் தொழில்' என்ற சொல்லின் பொருள் நன்றாகத் தெரியும். பள்ளி விட்டு வந்த பிள்ளை கவுண்டரில் நிற்கும். அதற்குச் சம்பளம் இல்லை, விடுமுறையும் இல்லை. வந்துபோகும் வாடிக்கையாளர் 'எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை' என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார். அன்றைய அரங்குகளில் கைதட்டியவர்களும் அந்த வாடிக்கையாளர்கள்தான்.

3

ஆனாலும் குடும்பமாக உழைக்க முடிந்ததே ஒரு சலுகை என்பதையும் சொல்ல வேண்டும். இதற்கு மிகக் கூர்மையான உதாரணம் ஹவார்ட் குடும்பம்.

ஹரியற் பீச்சர் ஸ்ரோவின் 'டொம் மாமாவின் குடிசை' 1852இல் நூலாக வந்தது. அதே வருடம் செப்ரெம்பர் 27ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்து ட்றோய் நகரில், ஜோர்ஜ் ஹவார்ட் நடத்திய அரங்கில் அது நாடகமாகியது. நாடகமாக்கியவர் உறவினரான ஜோர்ஜ் எயிக்கன். நாலு வயது மகள் கோர்டீலியாவுக்குக் குட்டி ஈவா வேடம். தகப்பன் ஜோர்ஜ் ஈவாவின் தகப்பனாக நடித்தார். தாய் கரோலின் முகத்தில் கரி பூசி, கறுப்பு அடிமைச் சிறுமி டொப்சியாக நடித்தார். கரோலினின் தாய்க்கும் ஒரு வேடம். சிறிய நகரமான ட்றோயில் 100 இரவுகள் ஓடியது. 1853இல் நியூயோர்க் நகருக்குப் போய் அங்கும் நூற்றுக்கணக்கான தடவைகள் நடந்தது. நாவலை மேடையாக்க அனுமதி கேட்க வேண்டிய சட்டம் அன்று இல்லாததால் ஸ்ரோவுக்கு இந்த நாடகங்களால் ஒரு சதமும் கிடைக்கவில்லை.

இந்த நாடகத்தின் பொருள் என்ன? குடும்பங்கள் பிரிக்கப்படுவதுதான். பிள்ளை விற்கப்பட்டுவிட்டது என்று அறிந்து எலைசா அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். டொம் மனைவி மக்களிடமிருந்து பிரித்து ஆற்றின் கீழே விற்கப்படுகிறான். தகப்பனும் தாயும் யாரென்றே அறியாதவள் டொப்சி. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் அங்கீகரிக்காத நாட்டில், ஒரு வெள்ளைக் குடும்பம் முழுவதும் ஒரே மேடையில் ஒன்றாக நின்று, பிரிக்கப்பட்ட கறுப்புக் குடும்பங்களின் துயரத்தை நடித்து, அந்த வருமானத்தில் பிரியாமல் வாழ்ந்தது. தாயற்ற பிள்ளையின் வேடத்தைப் போட்ட தாய், தன் சொந்தப் பிள்ளையோடு கைகோர்த்து வந்து சபைக்கு வணக்கம் செலுத்தினாள்.

இதற்காக ஹவார்ட் குடும்பத்தை வில்லன்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அடிமை முறைக்கு எதிரான உணர்வை வடக்கில் பரப்பியதில் அந்த நாடகத்துக்குப் பங்குண்டு. மேடையில் அழுத குழந்தையைப் பார்த்துச் சபை அழுதது பொய்யல்ல. ஆனால் அடுத்தவன் துயரத்தை எடுத்து மேடையேற்றுகிறவர்கள் யார், அந்தத் துயரத்துக்குச் சொந்தக்காரன் எங்கே நிற்கிறான் என்று கேட்காமல் விடுவதும் நேர்மையல்ல. எம்முடைய அவலங்களை எழுதியும் படமாக்கியும் பெயர் வாங்குகிறவர்களைப் பார்த்து நாம் கேட்கும் கேள்வியும் இதுதான்.

அந்தச் சொந்தக்காரனுக்கும் ஒரு கதை உண்டு. 1821இல் நியூயோர்க்கில் கறுப்பர்கள் 'ஆபிரிக்கத் தோப்பு' என்ற பெயரில் ஒரு அரங்கு நடத்தினார்கள். ஷேக்ஸ்பியரை நடித்தார்கள். பொலிசாரின் தொல்லையாலும் வெள்ளையரின் தாக்குதல்களாலும் அது நிலைக்கவில்லை. அங்கே ஆரம்பித்தவர் என்று கருதப்படும் ஐரா ஓல்ட்றிச் என்ற இளைஞர் 1824இல் இங்கிலாந்துக்குப் போனார். ஒதெல்லோவாகவும் லியர் அரசனாகவும் ஐரோப்பாவெங்கும் நடித்தார். 1867இல் போலந்தின் லோட்ஸ் நகரில், ஒரு நாடகப் பயணத்தின் நடுவே இறந்தார். அவருடைய மகள் அமண்டா லண்டனில் பாடகியாகவும் குரற்பயிற்சி ஆசிரியையாகவும் வாழ்ந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த போல் றொப்சனுக்கும் மரியன் அண்டர்சனுக்கும் கற்றுக்கொடுத்தார். இப்படி ஒரு நாடகக் குடும்பம் நியூயோர்க்கில் உருவாகியிருக்க வேண்டியது. லண்டனில்தான் உருவாகியது. அமெரிக்க நாடகக் குடும்பங்களின் பட்டியலைப் போடுகிறவர்கள் இந்தப் பெயரைச் சேர்ப்பது அரிது.

4

1864 நவம்பர் 25ஆம் திகதி நியூயோர்க்கின் வின்ரர் கார்டன் அரங்கில் 'ஜூலியஸ் சீசர்' நடந்தது. பூத் சகோதரர்கள் மூவரும் ஒரே மேடையில் தோன்றிய ஒரே நாள் அது. மூத்தவர் ஜூனியஸ் காசியசாக, எட்வின் புரூட்டசாக, இளையவர் ஜோன் வில்க்ஸ் மார்க் அன்ரனியாக நடித்தனர். தாய் பார்த்துக்கொண்டிருந்தார். சென்ற்றல் பூங்காவில் ஷேக்ஸ்பியருக்குச் சிலை வைக்க நிதி சேர்ப்பதற்காக நடத்தப்பட்ட நாடகம். அன்றிரவே தெற்கத்திய முகவர்கள் நகரின் விடுதிகளுக்குத் தீ வைத்தார்கள். அவற்றிலொன்று அரங்குக்குப் பக்கத்து விடுதி. சபை கலவரப்பட்டபோது எட்வின் முன்னுக்கு வந்து அமைதிப்படுத்தினார்.

ஐந்து மாதம் செல்லவில்லை. 1865 ஏப்ரல் 14ஆம் திகதி ஜோன் வில்க்ஸ், லிங்கனைச் சுட்டார். 26ஆம் திகதி வேர்ஜீனியாவில் ஒரு பண்ணைக் கொட்டிலில் சுற்றிவளைக்கப்பட்டுச் சுடப்பட்டு இறந்தார். வயது 26.

'அரசியல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால்' என்பது எமக்குப் புதிய கதையல்ல. ஒரு அண்ணன் லிங்கனுக்கு வாக்களித்தவர். தம்பி லிங்கனைக் கொன்றவர். மூத்தவர் ஜூனியஸ் கைதுசெய்யப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். ஏசியாவின் கணவரும் நகைச்சுவை நடிகருமான ஜோன் கிளார்க்கும் சிறையில். கர்ப்பிணியான ஏசியா பிலடெல்பியாவில் தன் வீட்டிலேயே காவலில். பொஸ்ரனில் நடித்துக்கொண்டிருந்த எட்வினின் நாடகம் நிறுத்தப்பட்டது. இனி மேடையேறுவதில்லை என்று அவர் அறிவித்தார். 1866 ஜனவரி 3ஆம் திகதி ஹம்லெட்டாகத் திரும்பி வந்தபோது சபை எழுந்து நின்று வரவேற்றது. ஆனால் வாஷிங்ரன் நகரில் அதன் பிறகு அவர் நடிக்கவேயில்லை. தம்பியின் உடலை 1869இல்தான் பெற்று, பெயர் பொறிக்காத குழியில் அடக்கம் செய்ய முடிந்தது. தம்பி விட்டுச்சென்ற நாடக உடைகளை ஒரு இரவு ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டு எரித்தார் என்று சொல்லப்படுகிறது.

தகப்பன் கொடுத்த சொத்து என்னவென்று இங்கே பார்க்க வேண்டும். எட்வினுடைய பதின்ம வயது முழுவதும் குடியும் மனக்குழப்பமும் கொண்ட தகப்பனுக்குப் பின்னால் ஊரூராகத் திரிந்து, இரவில் அவர் ஓடிப்போகாமல் காவல் இருப்பதிலேயே கழிந்தது. நடிப்பை அவர் படித்த இடம் அதுதான். பெயரும் தகப்பன் வழி வந்தது. 'ஜூனியஸ் புரூட்டஸ்' ரோமில் மன்னராட்சியை விரட்டியவனின் பெயர். 'ஜோன் வில்க்ஸ்' இங்கிலாந்தின் ஒரு தீவிர அரசியல்வாதியின் பெயர். குடியரசுப் பற்றும் கொடுங்கோலனுக்கு எதிரான வீரமும் அந்த வீட்டில் பெயராகவும் வசனமாகவும் தினமும் ஒலித்தன. அந்த வசனத்தை ஒருவன் மேடையில் விட்டுவிட்டு வந்தான். மற்றவன் மேடைக்கு வெளியே கொண்டுபோனான். அதுவும் அடிமை முறையைக் காப்பவர்களின் பக்கம் நின்று கொண்டுபோனான். விடுதலைச் சொற்களைச் சரளமாகப் பேசத் தெரிவதும் விடுதலையின் பக்கம் நிற்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஏசியா 1868இல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். 1882இல் தகப்பனையும் எட்வினையும் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஜோன் வில்க்ஸைப் பற்றி ஏறக்குறைய மௌனம். ஆனால் அதற்கு முன்பே, 1874இல், கணவருக்குத் தெரியாமல் வேறொரு புத்தகத்தை எழுதிப் பூட்டி வைத்திருந்தார். 1888இல் இறக்கும்போது அதை பேர்ஜன் என்ற எழுத்தாளரின் குடும்பத்திடம் ஒப்படைத்தார். பேர்ஜனின் மனைவி வேறு யாருமல்ல, ஜோசப் ஜெபர்சனின் மகள். ஐம்பது வருடங்கள் கழித்து அவர்களின் மகள் எலினோர் அதை வெளியிட்டார்.

நான்கு நூல்களில் எம்மை அதிகம் தொந்தரவு செய்தது இதுதான். ஏசியா தம்பியின் செயலை நியாயப்படுத்தவில்லை. மறைக்கவும் இல்லை. தெற்குக்குக் குயினைன் மருந்து கடத்தியதைத் தம்பியே தன்னிடம் சொன்னதாக எழுதுகிறார். பண்ணை வீட்டில் குதிரையேறித் திரிந்த பையனையும் எழுதுகிறார். கொலைகாரன் என்று முழு உலகமும் அறிந்த ஒருவனைத் தம்பியாகவும் நினைவுகொள்ள உரிமை உண்டா? இந்தக் கேள்விக்கு அவர் பதில் எழுதவில்லை, கேள்வியோடு வாழ்ந்துவிட்டுப் போனார். குறையும் உண்டு. கொல்லப்பட்டவரின் வீட்டை அவர் ஒருபோதும் எட்டிப்பார்ப்பதில்லை. விடுதலை பெற்ற கறுப்பு மக்களுக்கு அந்தக் கொலை எதைப் பறித்தது என்பது அவருடைய பார்வைக்குள் வருவதேயில்லை. பாசம் மட்டும் நினைவை எழுதினால் இந்த இருட்டு மூலை தவிர்க்க முடியாதது. எமது பக்கத்து நினைவுக்குறிப்புகளிலும் இந்த மூலையை நாம் கண்டிருக்கிறோம்.

5

எட்வின் 1869இல் நியூயோர்க்கில் தன் பெயரில் பெரிய அரங்கொன்று கட்டினார். சில வருடங்களில் கடனில் மூழ்கி அதை இழந்தார். 1883இல், அந்த அரங்கின் கடைசி மாதங்களில், அங்கே 'மொன்ரி கிறிஸ்ரோ' நாடகத்தின் பிரதான வேடத்தை ஏற்றார் ஜேம்ஸ் ஓ'நீல். 1874இல் சிக்காகோவில் எட்வினோடு ஒதெல்லோவும் இயாகோவுமாக மாறி மாறி நடித்த இளைஞர் அவர். மொன்ரி கிறிஸ்ரோ பணத்தைக் கொட்டியது. உரிமையை வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான தடவைகள் அதையே நடித்தார். ஷேக்ஸ்பியர் நடிகனாகியிருக்க வேண்டியவர் ஒரே வேடத்துக்குள் அடைபட்டார். பஞ்சத்து அயர்லாந்திலிருந்து வந்தவருக்கு வறுமை பற்றிய பயம் சாகும்வரை போகவில்லை.

அவர் மகன் யூஜின் 1888இல் நியூயோர்க்கில் ஒரு விடுதி அறையில் பிறந்தார். அந்தப் பேற்றின் வலிக்குக் கொடுத்த மோர்பீனில் தாய் அடிமையானார். அதற்கு முன்பே, தாய் தகப்பனோடு பயணத்தில் இருந்த வேளையில், எட்மண்ட் என்ற கைக்குழந்தை சின்னமுத்து நோயில் இறந்துபோனது. 'நெடும்பகற் பயணம்' 1912 ஓகஸ்டில் ஒரே நாளில், ஒரே வீட்டில் நடக்கிறது. நாடகத்தில் இறந்த குழந்தையின் பெயர் யூஜின், உயிரோடிருக்கும் இளைய மகனின் பெயர் எட்மண்ட். தன் பெயரைச் செத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு எழுதியவரின் மனநிலையை விளக்க வேறு விமர்சனம் தேவையில்லை.

கஞ்சத்தனத்துக்காக மகன்களால் இகழப்படும் தகப்பன் நான்காம் அங்கத்தில் தன் கதையைச் சொல்கிறார். எட்வின் பூத் தன்னைப் பாராட்டியதை ஒரு தாளில் எழுதி வாங்கி, பல காலம் பேர்சில் வைத்திருந்தாராம். இப்போது அந்தத் தாள் எங்கே என்று தெரியவில்லை. ஒரு நூற்றாண்டு அமெரிக்க மேடையின் நியாயம் முழுவதும் அந்தத் தாளில் இருக்கிறது என்பது எமது கருத்து. ஜெபர்சன் சிரிப்பால் மூடியதையும், லூயிசா கணக்கெழுதிக் கடந்ததையும், ஏசியா பூட்டி வைத்ததையும் ஓ'நீல் மேசைமேல் எடுத்துப் போடுகிறார். தகப்பனைக் குற்றஞ்சாட்டத் தொடங்கி, அவரைப் புரிந்துகொள்வதில் கொண்டுபோய் நிறுத்துகிறார். தாய்க்கு அதே அளவு நியாயம் கிடைத்ததா என்பதில் எமக்குச் சந்தேகம் உண்டு. தகப்பனுக்குத் தன் கதையைச் சொல்ல நீண்ட நேரம் கிடைக்கிறது. தாய் தன் கதையைச் சொல்லும்போது கேட்டுக்கொண்டிருப்பவர் வேலைக்காரப் பெண் ஒருத்திதான். குடும்பத்தில் யாரும் அங்கே இல்லை.

தான் இறந்து 25 வருடங்கள் செல்லும்வரை இதை வெளியிடக்கூடாது என்று ஓ'நீல் விரும்பினார். 1953இல் இறந்தார். 1956இலேயே மனைவி வெளியிட வைத்தார். முதலில் மேடையேறியதும் அமெரிக்காவில் அல்ல, ஸ்ரொக்ஹோமில்.

ஓ'நீல் தகப்பனின் கலையைப் பின்பற்றவில்லை. அந்த மிகைநாடக மேடையை வெறுத்து, அதற்கு எதிராக எழுதித்தான் நாடகாசிரியரானார். ஆனால் பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் கற்றுக்கொடுக்காத மேடை நுட்பத்தை, விடுதி அறைகளிலும் திரைக்குப் பின்னாலும் வளர்ந்த அந்தச் சிறுவன் பெற்றிருந்தான். இரத்தத்தில் அல்ல, பக்கத்தில் இருந்து பார்த்ததில். எட்வின் பூத்தோ தன் மகள் எட்வினாவை மேடைக்குக் கொண்டுவரவில்லை. தான் பட்டது தன்னோடு போகட்டும் என்று நினைத்திருக்கலாம். இரண்டு முடிவுகளையும் நாம் மதிக்கிறோம்.

புலம்பெயர்ந்த நாடுகளில் மாலை வகுப்புகளும் அரங்கேற்றங்களும் பெருகிக்கொண்டிருக்கின்றன. எமது கலை பிள்ளைகளின் இரத்தத்தில் இருக்கிறது, தட்டி எழுப்பினால் போதும் என்று மேடைகளில் பேசுகிறோம். இந்த நான்கு நூல்களும் சொல்வது வேறு. கலை பிள்ளைகளிடம் தானாகப் போவதில்லை. யாரோ உழைத்து, பக்கத்தில் வைத்துக் காட்டி, பல வேளைகளில் பிள்ளையின் சிறுபராயத்தையே விலையாக எடுத்துக்கொண்டுதான் அது கைமாறியிருக்கிறது. அதோடு சேர்ந்து கைமாறியவை தகப்பனின் பயமும், பெயரின் பாரமும், வீட்டில் பேசாமல் விட்ட கதைகளும். எங்கள் பிள்ளைகள் ஒருநாள் எங்களைப் பற்றி எழுதுவார்கள். எந்த மொழியில் எழுதுவார்கள் என்பதைப் பற்றித்தான் நாம் ஓயாமல் கவலைப்படுகிறோம். என்னத்தை எழுதுவார்கள் என்பதைப் பற்றியும் கொஞ்சம் யோசிப்பது நல்லது.